உள்ளே ஒன்றும் கேட்காது

எங்கே போனாலும் அவன் எதையாவது தட்டிப் பார்ப்பான். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பது. கல்யாண வீட்டில் மேசையைத் தட்டுவான். ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருக்கும் கட்டிலைத் தட்டுவான். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவன், பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டிலைத் தட்டி, "தகரம்" என்று சொல்லிவிட்டுப் போனான். தொட்டில் பலகையால் செய்தது. அதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. சத்தம் போடுகிற எதுவும் அவனுக்குத் தகரம்தான். நான் ஓட்டுகிற லோரி தகரம். கோயில் திருவிழா மேளம் தகரம். கொஞ்சம் அதிகமாகப் பேசுகிற என் மனைவி தகரம். இதை அவளிடமே சிரித்துக்கொண்டு சொன்னான். அவள் அன்றைக்கு அவனுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவனை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆளை வெறுப்பதில் ஒரு வசதி உண்டு, காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் மூன்று கதவு தள்ளிப் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு நாள் அவன் போட்ட கணக்கு தப்பு என்று வாத்தியார் சுழித்துக் கொடுத்தார். இவன் நோட்டைத் திருப்பிக் கொண்டுபோய், "கணக்கு சரிதான் சார். கேள்விதான் தப்பா இருக்கு" என்றான். பிரம்படி வாங்கினான். அடி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கேள்விதான்டா தப்பு" என்று என்னிடமும் ஒரு தடவை சொன்னான். பத்து வயதில் அவனிடம் இருந்தது அந்த ஒரு குணம்தான். ஐம்பதை நெருங்கும்போதும் அது ஒன்றுதான் இருந்தது. அவன் செய்த வேலையில் குறை என்று யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

நான் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டு தோட்டத்திலேயே தங்கிவிட்டேன். அவன் ஈப்போவுக்குப் போனான். கார் அலங்காரக் கடையொன்றில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கம்போங் ராஜாவில் பூச்சி மருந்துக் கடைக்குப் பின்னால் சொந்தமாகப் பட்டறை போட்டான். சீட்டு உறை மாட்டுவான், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவான், ஸ்பீக்கர் வைப்பான். ஆனால் அவன் உயிரெல்லாம் வேறொரு வேலையில் இருந்தது. காருக்குள் வெளிச்சத்தம் வராமல் அடைக்கிற வேலை.

அதை நான் முழுசாகப் பார்த்தது அவனுடைய சொந்தக் காரில். மஞ்சள் நிறம், இரண்டு கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அந்த மாதிரிக் காரை வாங்குகிறவர்கள் எஞ்சின் உறுமுவதைக் கேட்கத்தான் வாங்குவார்கள். இவன் வாங்கியது அதன் வாயை மூட. சீட்டு, தரைவிரிப்பு, கதவின் உள்பலகை எல்லாவற்றையும் கழற்றி வெளியே எறிந்துவிட்டு வெறும் இரும்புக் கூடாக நிறுத்தினான். ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துப் பாத்திரம் துலக்குவது போலத் துடைத்தான். பிறகு ஒரு பக்கம் வெள்ளித்தாளும் மறு பக்கம் கறுப்புப் பசையுமாக இருக்கிற கனமான ரப்பர் தகடுகளை அளந்து வெட்டி, சூடான காற்று ஊதும் துப்பாக்கியைக் காட்டி இளக்கி, தரையில், கதவில், கூரையில், சக்கரத்துக்கு மேலே, பின்பெட்டியில் என்று ஒட்டினான். ஒரு சாண் இரும்பு வெளியே தெரியக் கூடாது. சின்ன உருளை ஒன்றை வைத்து, வெள்ளித்தாளில் இருக்கும் புள்ளி மேடுகள் மட்டமாகும்வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். அதற்கு மேல் விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு. கதவின் விளிம்பு சுற்றிலும் புது ரப்பர். ஒட்டுவதற்கு முன் கதவைத் தட்டினால் டங்கென்று நடுங்கியது. ஒட்டிய பிறகு தொப்பென்று அடங்கியது. வேலை சுத்தம். அதை நான் மறுக்கவில்லை.

மறுக்க முடியாதது அதுதான். மற்றபடி அவன் அதை வைத்து ஆடிய ஆட்டம் சகிக்காது. கார் முடிந்த அன்று பட்டறைக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டான்.

"உள்ள ஏறுடா. கதவ சாத்து. நான் வெளிய நின்னு பேசுறேன், கேக்குதான்னு பாரு."

ஏறினேன். கதவைச் சாத்தியதும் காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல ஆயிற்று. அவன் கண்ணாடிக்கு வெளியே, ஓட்டுக் கேட்க வந்தவன் மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு, புன்னகையோடு பேசினான். குரல் வரவில்லை. ஆனால் உதடு தெரிந்ததே. "உங்கப்பன் குடிச்சிட்டு டிரேன்ல கெடந்த நாயி." இரண்டு தடவை சொன்னான். என் அப்பா குடித்தார், லயத்து டிரேனில், அந்தச் சாக்கடையில், விழுந்தும் கிடந்தார். லயத்துக்கே தெரிந்த விஷயம். செத்துப் பல வருடம் ஆன மனிதர். காப்பிக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து, "என்னா சொன்னேன்?" என்றான்.

"கேக்கல" என்றேன்.

"அதான்டா வேல!" என்று கூரையைத் தட்டினான்.

கேட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னான் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் புழுக்கம் எனக்கு இன்றும் அடங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, காருக்குள் ஏற்றுகிற எல்லாரையும் அவன் இப்படித்தான் வெளியே நின்று திட்டுகிறான் என்று. அதில் அவனுக்கு ஓர் ஆனந்தம்.

குறை சொன்னவர்களை அவன் என்ன செய்வான் என்பதற்குக் கோலா தெர்லா காய்கறி வியாபாரியின் கதை போதும். அவர் தன் காரை இவனிடம் அடைக்கக் கொடுத்து எடுத்துப் போனார். இரண்டு மாதம் மழை. வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் வாளியில் தண்ணீர் ஆடுவதுபோல ஒரு சத்தம். விஷயம் வேறொன்றும் இல்லை. கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வடிவதற்கு அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். இவன் ஒரு சாண் விடாமல் ஒட்டுகிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்து ஒட்டிவிட்டான்.

"தம்பி, ஓட்டைய அடச்சிட்ட போலருக்கு. தண்ணி நிக்குது" என்றார் அவர், பொறுமையாக.

"என் வேலையில ஒண்ணும் இல்ல அங்கிள். இது கேமரன் மழ. மழைக்கு நான் பொறுப்பா?"

சொல்லிவிட்டு அந்தக் கதவைப் பிரித்தான். ஓட்டையைத் திறந்துவிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. திறந்தால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே. தண்ணீர் ஆடுவது கேட்காமல் இருக்க இன்னொரு அடுக்கு ஒட்டி அனுப்பினான். சத்தம் நின்றது. கதவு அடியிலிருந்து துருப்பிடித்து உதிர்ந்தது. அந்த மனிதர் கதவை மாற்றிக்கொண்டார், இவன் முகத்தில் மறுபடி முழிக்கவில்லை.

இதெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், என் வீட்டு வாசலுக்கு வராதவரை.

எங்கள் தோட்டத்து ரோடு ஒரு லோரி அகலம்தான். கீழே தேயிலை ஆலையும் ஆபீசும் லயமும். மேலே மலை முகட்டில் தோட்ட மேனேஜர் இருக்கும் துரை பங்களா. நடுவில் முனியாண்டி கோயிலை ஒட்டி ஒரு வளைவு, எதிரே வருவது தெரியாது. கொழுந்து ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் வளைவுக்கு முன்னால் நீளமாக இரண்டு ஹார்ன் கொடுக்க வேண்டும். ஏறுகிறவன் அதைக் கேட்டதும் கீழே இருக்கிற ஒதுக்கில் நின்றுவிட வேண்டும். அதனால் ஏறும்போது எவ்வளவு மழையாக இருந்தாலும், குளிர் எலும்பைத் துளைத்தாலும், அந்த வளைவுக்கு முன்னால் எல்லாரும் கண்ணாடியை மூன்று விரல் இறக்கிவிடுவார்கள். துரையே இறக்குவார். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அவன் இங்கேயே பிறந்தவன், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அன்று காலை நல்ல பனி. நான் லோரி நிறையக் கொழுந்தோடு இறங்கினேன். பக்கத்தில் மூட்டை ஏற்றுகிற வங்காளதேசத்துக்காரன். இரண்டு ஹார்ன் கொடுத்துத் திரும்பினால், எதிரே மஞ்சள் மூக்கு. பிரேக்கை மிதித்த மிதியில் லோரியின் பின்பக்கம் வழுக்கி ஒரு சக்கரம் டிரேனில் இறங்கியது. முன்பக்கம் அவன் காரின் மூலையை நசுக்கியது. மேலே கட்டியிருந்த மூட்டைகள் அவிழ்ந்து அந்தக் கார்மீது பச்சையாகக் கொட்டின. அவனுக்கு உதட்டில் மட்டும் லேசான காயம். இறங்கியதும் முதல் வேலையாகத் தன் கதவைத் தட்டிப் பார்த்தான். தொப்பென்றது. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"ஹார்ன் அடிக்க மாட்டியாடா?"

"ரெண்டு தடவ அடிச்சேன்டா! கண்ணாடிய எறக்கினியா நீ?"

"கண்ணாடிய எதுக்கு எறக்கணும்? எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ அடிக்கல."

இது வரைக்கும் அவனை மன்னித்திருப்பேன். அவனுக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது. ஆனால் மேலே போய் மேனேஜரிடம் அவன் சொன்னது வேறு. துரை என்று நாங்கள் கூப்பிடுகிற மேனேஜர் ஈப்போத் தமிழர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தன் காருக்கும் சத்தம் அடைக்க வேண்டும் என்று அவர்தான் இவனை அன்று வரச் சொல்லியிருந்தார், மஞ்சள் காரில் ஏறிப் பார்ப்பதற்கு. அவரிடம் இவன், "போன்ல பேசிட்டே வந்தான் துரை. கண்ணால பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறான். என் போன் அப்போது வீட்டில் அரிசி டப்பாவுக்கு மேல் சார்ஜில் கிடந்தது. மூன்று கதவு தள்ளிப் பிறந்தவன், அவன் அம்மா செத்தபோது பாடையில் ஒரு முனை நான் பிடித்தேன், அவன் சொல்கிறான் இதை.

துரை லோரிச் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கிற கிராணி கடிதம் கொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. என்மேல் தப்பு என்று ஆனால் வேலை போகும். வேலை போனால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றுதான், வெளியாட்களுக்கு இது புரியாது. என் மனைவி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"இந்த வயசுல எங்கங்க போறது? புள்ள இந்த வருசம் பரீட்ச எழுதணுமே" என்றாள். பிறகு அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது கடிதத்தைவிட என்னைப் பயமுறுத்தியது.

மூட்டை ஏற்றுகிறவன் ஆபீசுக்குப் போய், "ஹார்ன் அடா, துவா காலி" என்று மலாயில் இரண்டு விரலைக் காட்டிச் சொன்னான், இரண்டு தடவை ஹார்ன் இருந்தது என்று. அவன் என் லோரி ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் போய்க் கிராணியிடம் நியாயத்தைச் சொன்னேன். "அந்தக் காடிக்குள்ள ஒண்ணும் கேக்காதுன்னு ஊரு பூரா பீத்திக்கிறான். அப்ப ஹார்ன் எப்படிங்க கேக்கும்?"

கிராணி பைலைத் திருப்பி ஒரு தாளைக் காட்டினார். அவன் முந்திக்கொண்டிருந்தான். 'என் காரில் ஹார்ன் நன்றாகக் கேட்கும். அன்று ஹார்ன் அடிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அன்று ராத்திரி நான் அந்தக் கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு ஒன்று உறைத்தது. தன் காருக்குள் வெளிச்சத்தம் வரும் என்று அவன் தன் கையாலேயே எழுதியிருக்கிறான். பிரம்படி வாங்கியும் கணக்கை மாற்றாதவன். அதை எழுதும்போது அவன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆலை முற்றத்தில் நான்கு பேர் நின்றோம். துரை, கிராணி, அவன், நான். நசுங்கிய மூக்கோடு மஞ்சள் காரும் அங்கேதான் நின்றது. இன்சூரன்ஸ் ஆள் பார்க்க வேண்டும் என்று இழுத்துவந்து போட்டிருந்தார்கள். துரை என்னைப் பார்த்து, "நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு துரை" என்றேன். "உங்க காடிய இவன்கிட்ட குடுக்காதீங்க. ஈப்போவுல நல்ல வேலக்காரங்க இருக்காங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இவனே எழுதிக் குடுத்துட்டானே துரை, உள்ள ஹார்ன் நல்லா கேக்கும்னு. வெளிச்சத்தம் பூரா உள்ள வருது. சும்மா வெள்ளித்தாள ஒட்டி ஏமாத்துறான். தகரம்."

அவன் என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். "யாரு வேலையடா தகரம்ங்கிற?"

"நீதானே எழுதுன."

துரை அவனிடம் திரும்பினார். "சொல்லுங்க, கேக்குமா கேக்காதா?"

அவன் கிராணி கையில் இருந்த தாளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். நான் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அவன் அந்த ஒரு நிமிடம் மட்டும் வாயை அடக்கிக்கொண்டால் என் பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கும். "என் மவளுக்குக்கூட ஒட்டத் தெரியும் துரை, இந்த மாதிரி" என்று சொல்லிவைத்தேன்.

"உள்ள உக்காருங்க துரை" என்றான் அவன், கதவைத் திறந்து. "உக்காந்துட்டு நீங்களே சொல்லுங்க. டேய், நீ போய் லோரிய எடு. எவ்ளோ வேணா அடி."

துரை சாவியை என்னிடம் கொடுத்தார். வளைவில் இருந்த தூரத்தைக் கணக்குப் பண்ணி, லோரியை ஆலைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். கிராணியை வெளியே நின்று கவனிக்கச் சொன்னார். துரை உள்ளே உட்கார, மூக்கு மட்டுமே நசுங்கியிருந்த காரின் எஞ்சினை அவன் பக்கத்தில் ஏறி ஓடவிட்டு, குளிர்க்காற்றுக்கு ஏர்கோனையும் போட்டான். "அப்பத்தான் நெஜம் தெரியும் துரை" என்று சொல்லிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினான். சுவருக்குப் பின்னால் போய் இரண்டு ஹார்ன் கொடுத்தேன். வயிற்றில் இருந்த பயத்தையெல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு கொடுத்தேன். எதிர்ச் சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான் ஓடி வருவதற்கும் கார்க் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. அவன் சிரித்துக்கொண்டு இறங்கினான்.

"கிராணி, ஹார்ன் அடிச்சாரா?" என்று துரை கேட்டார்.

"நாலு தடவ அடிச்சாரு துரை. என் காதே அடச்சிப்போச்சு."

"உள்ள ஒண்ணுமே கேக்கல" என்றார் துரை.

"அதான் துரை!" என்று அவன் கூரையை ஓங்கித் தட்டினான். என்னைப் பார்த்து, "இப்ப சொல்லுடா பாப்போம், தகரம்னு!" என்றான்.

துரை கிராணியிடம் கையை நீட்டி, அவன் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி, ஒரு தடவை படித்துவிட்டு அவன் கையிலேயே கொடுத்தார். "நாளைக்குக் காலையில லோரிய எடுங்க" என்றார் என்னிடம்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றேன். தப்புடா என்று வேண்டாம், திட்டியிருந்தால்கூடப் போதும். தாளை மடித்துப் பையில் வைத்தான். துரை பக்கம் திரும்பினான்.

"அப்ப துரை, உங்க காடிய எப்ப கொண்டு வரீங்க?"

வீடு தப்பியது. சொன்னதும் என் மனைவி வாசலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டே அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேச ஆரம்பித்தாள், சோறு வெந்து இறக்கும்வரை நிறுத்தவில்லை. எனக்கு அதைக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. நான்கு தடவை லோரி ஹார்ன் அடித்தும் துரைக்கே கேட்கவில்லை என்று கம்போங் ராஜா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். கியா பார்ம் பூத்தோட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். போன் பேசிக்கொண்டு வந்தான் என்று என்மேல் சொன்ன பொய்க்கு இன்று வரை அவனிடமிருந்து ஒரு மூச்சு இல்லை. எதிரே பார்த்தால் கையைத் தூக்குகிறான், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்துத் துரையும் தன் காரை அவனிடம் கொடுத்து அடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஏறுகிறார். முனியாண்டி வளைவில் மட்டுமாவது இறக்குங்கள் துரை என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எறக்குறேன்லா" என்று சிரித்தார். சில நாள் இறக்குகிறார், சில நாள் இல்லை. எந்த நாள் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் இப்போதெல்லாம் கொழுந்தோடு இறங்கும்போது இரண்டு ஹார்ன் கொடுத்துவிட்டு, முதல் வழி எனக்கே இருந்தும், வளைவுக்கு மேலேயே லோரியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுகிறேன். முதல் நாள் பக்கத்தில் இருந்த வங்காளதேசத்துக்காரன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்து, என்னிடம் கற்ற அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"அண்ணே, ஹார்ன் அடிச்சாச்சு. ஏன் நிக்குது?"

"அடிச்சாச்சு. நீ எறங்கிப் போய், கீழ யாரும் வராங்களான்னு பாத்துட்டு வா."